நரம்பு வலிக்குக் கரண்ட் ஊசி: கோத்தகிரியில் என்னிடம் கேட்ட கேள்விகள்

கோத்தகிரியில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். மற்றவர்கள் கேரட், முட்டைக்கோஸ் போடுகிறவர்கள், டிரைவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். கொஞ்ச நாளாக எல்லோர் கைபேசியிலும் ஒரே சேதி சுற்றுகிறது. ஊசி குத்தி அதில் கரண்ட் கொடுத்தால் எலிகளுக்கு நரம்பு வலி போய்விட்டதாம், அதனால் நமக்கும் போய்விடுமாம். இந்தச் சேதியின் முதல் பாதி பெருமளவு உண்மை. இரண்டாம் பாதிக்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டும். ஒவ்வொருவரிடமும் அவசரமாக இரண்டு வரி சொல்லி அனுப்புவது மனசுக்கு ஒப்பவில்லை. அதனால் கேட்ட கேள்விகளைச் சேர்த்து, எனக்குத் தெரிந்ததை நிதானமாக எழுதியிருக்கிறேன்.

நரம்பு வலி மற்ற வலியிலிருந்து எப்படி வேறு?

கவாத்துக் கத்தி விரலில் பட்டால் வலிக்கிறது. காயம் ஆறினால் வலியும் போய்விடுகிறது. அங்கே நரம்பு சேதி கொண்டுபோகிற வேலையை ஒழுங்காகச் செய்கிறது. நரம்பு வலியில் அந்த நரம்பே பழுதாகிவிடுகிறது. வெளியே ஒன்றும் நடக்காதபோதும் எரிகிறது, குத்துகிறது என்று தண்டுவடத்துக்குச் சேதி போய்க்கொண்டே இருக்கும்.

வருகிறவர்களின் வார்த்தையிலேயே அது தெரிந்துவிடும்: மிளகாய் தேய்த்த மாதிரி எரிச்சல், சுளீர் சுளீரென்று இழுப்பு, எறும்பு ஊர்வது, மதமதப்பு. ராத்திரி கம்பளி பட்டாலே கால் துடிக்கிறது என்பார்கள். வலிக்கக்கூடாத ஒன்று வலிப்பதுதான் இதன் பெரிய அடையாளம். சர்க்கரை நோய், டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவது, அக்கி வந்து போன இடம், சில புற்றுநோய் மருந்துகள், நெடுநாள் குடி, வைட்டமின் குறைவு என்று காரணங்கள் பல. சாதாரண காய்ச்சல், உடம்புவலி மாத்திரை இதற்குப் பெரும்பாலும் கேட்காது. அதனால்தான் ஜனங்கள் வேறு வழி தேடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் வைக்கிற கரண்டும் இந்தக் கரண்ட் ஊசியும் ஒன்றா?

இல்லை. நான் தோலின் மேல் பட்டை ஒட்டி அதன் வழியாகக் கரண்ட் வைக்கிறேன். கரண்ட் ஊசியில், அதாவது எலக்ட்ரோ அக்குபஞ்சரில், முடி போல மெல்லிய இரண்டு ஊசிகளைச் சதைக்குள் இறக்கி, அவற்றில் கிளிப் மாட்டி, ஒரு சிறு கருவியிலிருந்து விட்டு விட்டு மின் துடிப்பு கொடுப்பார்கள். அளவு சில மில்லி ஆம்பியர்தான். ஊசி இருக்கும் இடத்தில் சதை மெதுவாகத் துடிக்கும்.

இது நேற்று வந்த யோசனை இல்லை. சீனத்து ஊசியோடு மின்சாரத்தைச் சேர்த்துப் பார்த்ததைப் பற்றி சார்லாந்தியேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1825லேயே எழுதியிருக்கிறார்.

ஊசியே குத்தாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுச் செய்கிறார்களே, அதற்கும் இந்த ஆய்வு பொருந்துமா?

பொருந்தாது. எலிகளுக்கு ஊசி இறங்கியது, கரண்ட் போனது. அந்த ஆய்வைக் காட்டித் தொடு சிகிச்சையை ஒருவர் உங்களிடம் விற்றால், வேறு ஒன்றின் சான்றிதழை எடுத்து நீட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எலிக்கு நரம்பு வலி எப்படி வரும்? வயலில் பிடித்த எலியா?

வயல் எலி இல்லை, ஆய்வுக்கென்றே வளர்க்கிற வெள்ளை எலிகள். வலியை ஆராய்ச்சியாளர்கள்தான் உண்டாக்குகிறார்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மயக்க மருந்து கொடுத்து, தொடையைத் திறந்து, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பைச் சுற்றித் தானே கரையும் தையல் நூலால் நான்கு தளர்வான முடிச்சுகள் போடுவது ஒரு முறை. 1988ல் பென்னட், ஷியே என்ற இருவர் இதை எழுதினார்கள். நூலைச் சுற்றி நரம்பு வீங்கித் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். நம் ஊரில் டிஸ்க் நரம்பை அழுத்துவதற்கு ஓரளவு நெருக்கமான நிலை இது. முதுகெலும்பை விட்டு வெளியே வரும் நரம்பு வேர் ஒன்றிரண்டை இறுக்கிக் கட்டுவது 1992ல் வந்தது. சயாட்டிக் நரம்பின் மூன்று கிளைகளில் இரண்டை வெட்டி ஒன்றை மட்டும் விட்டுவைக்கும் முறை 2000ல் வந்தது. சர்க்கரை நோயாளிகளுக்காக, ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தால் கணையத்தின் இன்சுலின் செல்களை அழித்துச் சர்க்கரையை ஏற்றுகிறார்கள். புற்றுநோய் மருந்தின் பின்விளைவைப் பார்க்க பாக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் கொடுக்கிறார்கள்.

எந்த எலி, எந்த முறை என்று கேட்காமல் 'எலிகளுக்குக் குணமானது' என்ற ஒரு வரியை நம்ப முடியாது என்பதற்காகத்தான் இவ்வளவு விவரம். முடிச்சுப் போட்ட எலியும் சர்க்கரை ஏறிய எலியும் ஒன்றில்லை. கால் இழுக்கும் லாரி டிரைவரும் பாதம் எரியும் பாட்டியும் எப்படி ஒன்றில்லையோ, அப்படித்தான்.

எலிக்கு வலிக்கிறது, வலி குறைந்தது என்று எப்படித் தெரியும்?

கேட்டதிலேயே நல்ல கேள்வி இதுதான். ஏழாவது படிக்கிற ஒரு பையன் கேட்டான், பாட்டியோடு துணைக்கு வந்தவன்.

நான் தினமும் 'வலி பத்துக்கு எத்தனை?' என்று கேட்கிறேன். எலியிடம் கேட்க முடியாது. அதனால் எலி எப்போது காலை எடுக்கிறது என்று பார்க்கிறார்கள். கம்பி வலைத் தரையில் எலியை நிற்க வைத்து, அடியிலிருந்து நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அழுத்துவார்கள். வான் ஃப்ரே இழை என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மானிய உடலியல் அறிஞர் வான் ஃப்ரே குதிரை முடிகளை வைத்து ஆரம்பித்தது. இழையின் பருமனைப் பொறுத்து அழுத்தம் மாறும். நல்ல காலுள்ள எலி பத்து, பதினைந்து கிராம் அழுத்தம்வரை சும்மா நிற்கும். நரம்பு அடிபட்ட எலி மூன்று, நான்கு கிராமிலேயே வெடுக்கென்று காலை எடுத்து நக்க ஆரம்பிக்கும். கம்பளி பட்டால் துடிக்கிற கால் அதுதான்.

சூட்டுக்கு ஒரு சோதனை உண்டு: கண்ணாடித் தரைக்கு அடியிலிருந்து வெளிச்சக் கற்றையைப் பாதத்தில் பாய்ச்சி, எத்தனை நொடியில் கால் எழுகிறது என்று எண்ணுவார்கள். குளிருக்கு, பாதத்தில் ஒரு சொட்டு அசிட்டோன். அது ஆவியாகும்போது ஜில்லிடும். டிசம்பர் காலையில் இங்கே குழாய்த் தண்ணீரில் கை வைத்ததும் சிலர் 'ஷாக் அடித்த மாதிரி' என்று அலறுவார்கள் இல்லையா, அந்த வலிக்கான சோதனை அது.

ஆக, கரண்ட் ஊசி வேலை செய்தது என்று ஒரு ஆய்வு சொல்லும்போது, ஊசிக்கு முன்னால் நான்கு கிராமில் காலை எடுத்த எலி, ஊசிக்குப் பின்னால் எட்டு கிராம், பத்து கிராம்வரை தாங்கியது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். இதை மனசில் வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மாவின் எரிச்சலை இந்த இழை அளக்கவில்லை. தானாக வரும் வலியை அளக்க இப்போது வேறு வழிகளும் இருக்கின்றன. 2010ல் சுண்டெலிக்கும் 2011ல் எலிக்கும் முகச்சுளிப்பை வைத்து வலியைக் கணக்கிடும் அளவுகோல்கள் வந்தன. இரண்டு அறைகள் கொடுத்து, வலி குறைந்த அறையை எலி தானே தேடிப் போகிறதா என்று பார்ப்பதும் உண்டு. ஊசி ஆய்வுகளில் பெரும்பாலானவை இன்னும் கால் எடுப்பதையே நம்பியிருக்கின்றன.

ஊசியை எலியின் எந்த இடத்தில் குத்துகிறார்கள்?

அதிகம் வருவது சூசன்லி என்ற புள்ளி. நமக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் தள்ளி, முன்னெலும்புக்கு வெளிப்பக்கம் இருக்கும் இடம். எலிக்கும் அதே இடத்தைக் கணக்குப் போட்டுக் குத்துகிறார்கள். இடுப்புப் பக்கம் ஹுவான்தியாவ், முழங்காலுக்குப் பக்கத்தில் யாங்லிங்சுவான் என்ற புள்ளிகளும் வரும். நேரம் பெரும்பாலும் அரைமணி. கரண்டைச் சிறிதாக ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றுவார்கள். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மூன்று வாரம்.

சரி, உண்மையில் என்னதான் கண்டுபிடித்தார்கள்?

இந்த இடத்தில் எனக்கே ஆசை பொங்கும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

1970களின் தொடக்கத்தில் பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் என்ற உடலியல் பேராசிரியர் முயல்களுக்கு அக்குபஞ்சர் செய்தார். அந்த முயல்களின் மூளைத் தண்டுவட நீரை எடுத்து, ஊசியே படாத வேறு முயல்களின் மூளைக்குள் செலுத்தினார். அந்த முயல்களும் வலியை அதிகம் தாங்கின. ஊசி குத்தும்போது மூளைக்குள் ஏதோ ஒரு பொருள் சுரக்கிறது என்பதற்கு அது சாட்சி. என்ன பொருள் என்று அப்போது தெரியாது. 1975ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலினைப் பிரித்தெடுத்தார்கள். உடம்பு தானே செய்துகொள்ளும் ஓபியம் மாதிரியான பொருள் அது.

அடுத்த வருஷமே கனடாவின் டொரோன்டோவில் பொமரான்ஸ் ஒரு எளிய சோதனை செய்தார். மார்ஃபின் அளவுக்கு மீறிப் போனவர்களுக்குக் கொடுக்கும் மாற்று மருந்து நலாக்ஸோன். அதைக் கொடுத்துவிட்டு ஊசி வைத்தால் சுண்டெலிக்கு ஊசியின் பலன் கிடைக்கவில்லை. மார்ஃபினின் பூட்டை அடைத்தால் ஊசியும் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் இரண்டும் ஒரே வழியில்தான் போகின்றன. மனம் நம்புவதால் மட்டும் வலி குறைகிறது என்ற பேச்சுக்கு இது ஒரு கனமான பதில். ஒரு எலிக்கு ஊசியின் மேல் என்ன நம்பிக்கை இருக்க முடியும்?

அப்புறம் ஹான் குழு கரண்டின் வேகத்தை மாற்றிப் பார்த்தது. நொடிக்கு 2 துடிப்பு, அதாவது 2 ஹெர்ட்ஸ் கொடுத்தால் என்கெஃபலினும் அதே வகையான பீட்டா எண்டார்ஃபினும் வெளிவந்தன. 100 ஹெர்ட்ஸ் கொடுத்தால் டைனார்ஃபின் என்ற வேறொன்று. 1991ல் மனிதர்களுக்குத் தோல்வழிக் கரண்ட் கொடுத்து முதுகுத்தண்டு நீரைப் பார்த்தபோதும் இதே பிரிவு தெரிந்தது. இரண்டையும் பெற, 2ஐயும் 100ஐயும் சில நொடிக்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறை வந்தது.

நரம்பு வலிக்கு எது நல்லது? நரம்பு வேரைக் கட்டிய எலிகளில் 100ஐ விட 2 ஹெர்ட்ஸ் நன்றாகவும் நீடித்தும் உதவியது. பாக்லிடாக்சல் கொடுத்த எலிகளிலும் 10 ஹெர்ட்ஸ் 100ஐ முந்தியது. மெதுவான துடிப்பு நரம்பு வலிக்கு ஏற்றது என்ற பக்கம் சான்றுகள் சாய்கின்றன. 'கரண்ட் எவ்வளவு வேகமோ அவ்வளவு நல்லது, இன்னும் ஏத்தி வையுங்க' என்று என் கிளினிக்கில் தினமும் ஒருவராவது சொல்வார். அவர்களுக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டப்போகிறேன்.

எல்லாம் எண்டார்ஃபின் வேலைதானா?

இல்லை. நரம்பு அடிபட்டால் தண்டுவடத்தில் மைக்ரோகிளியா, ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள் விழித்துக்கொண்டு அழற்சிப் பொருட்களைக் கொட்டும். வலிச் சேதியை அவை பெரிதாக்கும். கரண்ட் ஊசி வைத்த எலிகளில் இந்தச் செல்கள் அடங்கியிருந்ததைப் பல ஆய்வுகள் காட்டின. மூளையிலிருந்து கீழே இறங்கி வலியை அடக்கும் செரடோனின், நார்அட்ரினலின் பாதைகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. நரம்பு வலிக்கு டாக்டர்கள் எழுதும் டுலாக்சிடின், அமிட்ரிப்டிலின் மாத்திரைகளும் இதே பாதையைத்தான் பலப்படுத்துகின்றன.

2010ல் அமெரிக்காவின் ராசெஸ்டரில் நெடர்கார்ட் குழு செய்த ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் கரண்ட் இல்லை. சுண்டெலியின் சூசன்லியில் ஊசி குத்தி, அரைமணி நேரம் அவ்வப்போது திருகினார்கள். ஊசியைச் சுற்றி அடினோசின் என்ற பொருள் சுமார் 24 மடங்கு ஏறியது. அடினோசினை வாங்கும் ஏ1 ஏற்பி இல்லாத சுண்டெலிகளுக்குப் பலனே இல்லை. வலி இருந்த காலிலேயே குத்தினால்தான் கேட்டது, மறுகாலில் குத்தினால் கேட்கவில்லை. திருகாமல் சும்மா விட்டாலும் கேட்கவில்லை. இவ்வளவு சுத்தமாகக் காரணத்தைப் பிடித்த ஊசி ஆய்வுகள் குறைவு.

எல்லா எலிக்கும் கேட்டதா?

இல்லை. ஒரே கூண்டில் வளர்ந்த எலிகளிலேயே சிலவற்றுக்கு நன்றாகக் கேட்கிறது, சிலவற்றுக்குச் சுத்தமாகக் கேட்பதில்லை. கோலிசிஸ்டோகைனின் என்ற பொருள் ஓபியத்துக்கு எதிர்வேலை செய்கிறது, அது அதிகம் சுரக்கும் எலிகளுக்குப் பலன் குறைகிறது என்று ஹான் குழு கண்டது. மணிக்கணக்கில் விடாமல் கரண்ட் கொடுத்தாலும் பலன் தேய்ந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது எனக்கு ஏன் கேட்கவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு, உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல இது ஒரு நல்ல காரணம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, 'போய் வைத்துக்கொள்ளுங்கள்' என்று ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

இதுவரை சொன்னது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது. உங்கள் வலி எவ்வளவு குறையும் என்பது தனிக் கேள்வி. எலி ஆய்வுகளில் எனக்கு நாலைந்து இடம் உறுத்துகிறது.

அரைமணி நேரம் அசையாமல் இருக்க எலியைக் குழாய்க்குள் அடைத்தோ துணியில் சுற்றியோ வைக்கிறார்கள். பயந்துபோன உயிருக்கு வலி தானாகவே மந்தமாகும். காட்டெருமை துரத்தி ஓடியவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் முழங்கால் கிழிந்திருப்பதைப் பார்ப்பார். கரண்ட் இல்லாமல் ஊசி மட்டும், அல்லது ஊசியும் இல்லாமல் அடைத்து மட்டும் வைத்த எலிகளோடு ஒப்பிடாத ஆய்வில், பலன் கரண்டுடையதா பயத்தினுடையதா என்று சொல்ல முடியாது. நல்ல ஆய்வுகள் ஒப்பிடுகின்றன. எல்லாமும் இல்லை.

இது எவ்வளவு நுணுக்கம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2014ல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மோகில் குழு கண்டது: ஆண் ஆராய்ச்சியாளர் அறையில் இருந்தாலே எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் வலி குறைந்து தெரிகிறது. ஆண் போட்டிருந்த டி-ஷர்ட் பக்கத்தில் இருந்தாலே போதும். அந்த வாசனை அவற்றை அவ்வளவு பயமுறுத்துகிறது. ஒரு சட்டை செய்கிற வேலையே இவ்வளவு என்றால், இழையைப் பிடித்து அழுத்துகிறவருக்கு எது ஊசி வைத்த எலி என்று முன்பே தெரிந்திருந்தால் என்ன ஆகும்? தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் முறை. அதைச் செய்தோமா என்றே சொல்லாத ஆய்வுகள் நிறைய. எதையெல்லாம் கட்டாயம் எழுத வேண்டும் என்று 2010ல் விலங்கு ஆய்வுகளுக்குத் தனி வழிகாட்டியே போட வேண்டியிருந்தது.

அப்புறம், வலி ஆய்வுகளில் நெடுங்காலம் ஆண் எலிகளையே பயன்படுத்தினார்கள். நரம்பு அடிபட்ட சுண்டெலிகளில் ஆணுக்கு வலியைத் தூண்டுவது மைக்ரோகிளியா, பெண்ணுக்கு வேறு நோயெதிர்ப்புச் செல்கள் என்று 2015ல் ஒரு ஆய்வு வந்தது. என்னிடம் வரும் நரம்பு வலிக்காரர்களில் பெண்கள்தான் அதிகம். இளம் ஆண் எலிக்குக் கேட்டது, முப்பது வருஷம் கொழுந்து பறித்த அறுபது வயது அம்மாவுக்கும் கேட்கும் என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

கடைசியாக, நாள் கணக்கு. எலிக்கு நரம்பைக் கட்டிய சில நாளிலேயே ஊசி ஆரம்பித்துவிடுகிறார்கள். நம் ஆட்கள் வருவது பாதம் எரிய ஆரம்பித்துப் பத்து வருஷம் கழித்து.

மனிதர்களுக்குச் செய்து பார்க்கவில்லையா?

செய்திருக்கிறார்கள். நரம்பு வலிக்கு அக்குபஞ்சர் பற்றி 2017ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு சலித்துப் பார்த்தபோது, தரம் பார்த்துச் சேர்க்கக் கிடைத்தவை 6 ஆய்வுகள்தான், மொத்தம் 462 பேர். சீனாவில் 403, பிரிட்டனில் 59. பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள். உதவும் என்றோ உதவாது என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்று முடித்தார்கள். கதவு மூடவில்லை, திறக்கவும் இல்லை.

எலிகளை இப்படி வதைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவுக்கு அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது முயல்கிறேன்.

இந்த மலைக்கும் இந்த விஷயத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907லிருந்து இருக்கிறது. வெறிநாய்க்கடி ஊசி என்றால் நம் பாட்டிமாருக்கு அந்தப் பெயர்தான் ஞாபகம் வரும். அங்கே 1918ல் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். பெரிபெரி என்பது தீட்டிய அரிசியை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்குத் தயமின் என்ற வைட்டமின் குறைந்து வந்த நோய். கால் மரத்து, எரிந்து, தளர்ந்துபோகும். நரம்பு நோயேதான். புறாக்களுக்கும் எலிகளுக்கும் விதவிதமான சாப்பாடு கொடுத்து, எது உடம்பைக் கெடுக்கிறது, எது காக்கிறது என்று குன்னூரிலேயே பார்த்தார்கள். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, 1969ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. தவிடு போகாத அரிசியின் அருமையை நாம் இன்று சாதாரணமாகப் பேசுகிறோம். அதற்குப் பின்னால் அந்தப் புறாக்களும் எலிகளும் இருக்கின்றன.

இந்தியாவில் இப்போது சட்டம் இருக்கிறது. 1960ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு மத்தியக் குழு இருக்கிறது, 1998ல் தனி விதிகள் வந்தன. விலங்கு ஆய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு நெறிமுறைக் குழுவிடம், ஏன் விலங்கு வேண்டும், எத்தனை வேண்டும் என்று விளக்கி அனுமதி வாங்க வேண்டும். வலி ஆய்வு என்பதாலேயே இதில் எலிக்கு முழுசாக வலி மருந்து கொடுக்க முடியாமல் போவதுண்டு. அது என்னை உறுத்துகிறது. ஒப்பீடு இல்லாமல், எது ஊசி வைத்த எலி என்பதை அளப்பவரிடம் மறைக்காமல் செய்த ஒரு மோசமான ஆய்வில் அந்த எலி பட்ட பாடு யாருக்கும் பயன்படாமல் போகிறது. ஒழுங்காகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் செய்யாதீர்கள் என்பதுதான் என் நிலை.

கையில் காசு இருக்கிறது, வலி தாங்க முடியவில்லை. முயன்று பார்க்கலாமா?

என் அம்மா கதையைச் சொல்லிவிட்டுப் பதில் சொல்கிறேன். அம்மா கட்டபெட்டுப் பக்கம் தோட்ட வேலை பார்த்தவர். சர்க்கரை வந்து பத்து வருஷம், பாதம் எரிச்சல். சமவெளியில் ஓரிடத்தில் ஊசி வைத்தார்கள். எரிச்சல் கொஞ்சம் குறைந்ததாகத்தான் சொன்னார். ஆனால் கூடவே 'எல்லா மாத்திரையையும் நிறுத்துங்கள்' என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டார். இரண்டு மாதத்தில் சர்க்கரை எகிறி, செருப்பு கடித்த ஒரு கொப்புளம் புண்ணாகி, ஆறுவதற்கு மழைக்காலம் முழுக்க ஆனது. ஊசி அவரைக் கெடுக்கவில்லை. நிறுத்திய மாத்திரைதான் கெடுத்தது.

அதனால் முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். சர்க்கரை பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவதுண்டு, அதுவே நரம்பைக் கெடுக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். டிஸ்க் தொந்தரவோடு கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ ஊசியும் வேண்டாம், நானும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் முயல விரும்பினால், படித்துத் தகுதி பெற்றவரிடம் போங்கள். உங்கள் கண் முன்னால் புது ஊசிப் பாக்கெட்டைப் பிரிக்கிறாரா பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குக் கரண்ட் ஊசி கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்காமல் போகக் கூடாது. மரத்துப்போன பாதத்தில் குத்த விடாதீர்கள். அங்கே ஊசி பட்ட இடம் சீழ் பிடித்தாலும் உங்களுக்குத் தெரியாது. எத்தனை ஹெர்ட்ஸ் வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொன்னால் நல்ல ஆள்.

ஐந்தாறு முறைக்குப் பிறகு தூக்கமோ நடையோ கொஞ்சமாவது தேறியிருக்கிறதா என்று நீங்களே ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். தேறவில்லை என்றால் காசை மிச்சப்படுத்துங்கள்.

நரம்பு வலிக்குச் சாப்பிடும் ப்ரீகாபலின், காபாபென்டின் மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், பதற்றம் வரும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். எழுதிக் கொடுத்த டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பனிக்காலத்தில் கால் ரொம்ப எரிகிறது. ராத்திரி கணப்பில் காலை வைத்தால் சுகமாக இருக்கிறதே?

தயவுசெய்து வேண்டாம். ஜனவரி வந்தால் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படிக் காலைச் சுட்டுக்கொண்டு வருகிறார்கள். எரிகிற பாதத்துக்குச் சூடு தெரிகிற நரம்பும் கெட்டிருக்கும். தோல் வெந்த பிறகும் சுகமாகவே இருக்கும். ஹாட் வாட்டர் பேக்கும் அப்படித்தான். தளர்வான கம்பளி சாக்ஸ் போடுங்கள். கால் கழுவும் தண்ணீரை முதலில் முழங்கையால் தொட்டுப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒரு பிள்ளையைக் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கப் போகும் முன் ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து, பாதத்தின் அடியைத் தினமும் பாருங்கள். தோட்டத்திலிருந்து வந்ததும் அட்டை கடித்த இடத்தையும் சேர்த்து.